வேலூர்ப் பக்கத்துச் சிறிய கல்லூரியில் சேரப் போகிறவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று 2019-இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்துவிட்டது. என் வயதுக்காரர்களுக்கு இன்னும் எல்லாம் வடஆற்காடுதான். இங்கே ஒரு சிறிய கலை அறிவியல் கல்லூரியில் பி.ஏ. வரலாறு படித்தேன். இப்போது இன்னொரு சிறிய கல்லூரியில் அதே வரலாற்றை நடத்துகிறேன். பிளஸ் டூ முடிவு வந்ததும் சேர்க்கை மேசைக்கு முன்னால் வந்து உட்காரும் பிள்ளைகளும் அப்பா அம்மாக்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இவை. வரிசை நீளமாக இருக்கும்போது நிதானமாகப் பதில் சொல்ல முடிவதில்லை. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

நாங்கள் சேருவது கல்லூரியிலா, பல்கலைக்கழகத்திலா?

கல்லூரியில். வகுப்பு, ஆசிரியர், அடையாள அட்டை, டிசி எல்லாம் கல்லூரியுடையவை. பாடத்திட்டம், செமஸ்டர் வினாத்தாள், மதிப்பெண் பட்டியல், பட்டம் இவையெல்லாம் பல்கலைக்கழகத்துடையவை. செமஸ்டர் விடைத்தாளைத் திருத்துகிறவருக்கு உங்கள் முகம் தெரியாது. முகம் தெரிந்த உங்கள் ஆசிரியருக்கு அந்த வினாத்தாளில் என்ன வரப்போகிறது என்று தெரியாது. இதை முதல் வாரத்திலேயே புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

நம் ஊருக்கு இது புதிய ஏற்பாடு அல்ல. 1857-இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழேதான் இந்தப் பக்கத்துக் கல்லூரிகள் எல்லாம் வளர்ந்தன. வேலூர் ஊரீசு கல்லூரி 1898-இல் கல்லூரியாக உயர்ந்தது. பின்னாளில் குடியரசுத் தலைவரான ராதாகிருஷ்ணன், சென்னைக் கிறித்தவக் கல்லூரிக்குப் போவதற்கு முன்னால் படித்த இடம் அது. வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி 1919, திருப்பத்தூர் தூய நெஞ்சக் கல்லூரி 1951, காட்பாடி ஆக்ஸிலியம் 1954. ஊருக்கு ஒரு கல்லூரி, எல்லாவற்றுக்கும் சேப்பாக்கத்தில் ஒரு பல்கலைக்கழகம் என்று பல தலைமுறை படித்து வந்திருக்கிறது.

அப்பா வாங்கியது சென்னைப் பல்கலைக்கழகப் பட்டம். எனக்குக் கிடைக்கப் போவது திருவள்ளுவர் பல்கலைக்கழகப் பட்டம். மதிப்புக் குறைவா?

குறைவில்லை. 2002-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்து பிரித்து உருவாக்கியதுதான் திருவள்ளுவர் பல்கலைக்கழகம். முதலில் வேலூர்க் கோட்டைக்குள் இருந்த முதுகலை மையத்தில் இயங்கியது. அப்புறம் காட்பாடி தாலுகா சேர்க்காட்டுக்குப் போனது. இரண்டுமே அரசுப் பல்கலைக்கழகங்கள். டிஎன்பிஎஸ்சி, ஆசிரியர் தேர்வு வாரியம், வங்கித் தேர்வு எதிலும் இரண்டுக்கும் வேறுபாடு கிடையாது. எனக்கு இருப்பது சேப்பாக்கத்துப் பட்டம். அந்த நாளில் பெயரில் ஓர் எழுத்துப் பிழை என்றாலும் சென்னைக்கு ரயில் ஏற வேண்டும். உங்களுக்கு சேர்க்காடு பக்கத்திலேயே இருக்கிறது.

தன்னாட்சிக் கல்லூரி என்று சில கல்லூரிகளைச் சொல்கிறார்களே?

அங்கே பாடத்திட்டத்தையும் வினாத்தாளையும் கல்லூரியே தயாரிக்கும், தேர்வு முடிவையும் கல்லூரியே வெளியிடும். பட்டம் மட்டும் பல்கலைக்கழகத்தின் பெயரில் வரும். முடிவு சீக்கிரம் வரும், பாடங்களும் கொஞ்சம் புதிதாக இருக்கும். மற்றபடி இந்த ஒரு சொல்லை வைத்துக் கல்லூரியைத் தேர்வு செய்ய வேண்டாம்.

சிறிய கல்லூரி என்றால் வசதி குறைவுதானே? ஏன் இங்கே வர வேண்டும்?

வசதி குறைவு என்பது உண்மை, மறைக்க மாட்டேன். பெரிய கல்லூரிகளில் இருக்கிற உள்ளரங்க மைதானமும் ஏசி ஆடிட்டோரியமும் இங்கே இருக்காது. கேன்டீனில் டீ, வடை, லெமன் சாதம், அவ்வளவுதான். கம்ப்யூட்டர் லேப்பில் சில நாள் இரண்டு பேருக்கு ஒரு கம்ப்யூட்டர். ஏப்ரல் வெயிலில் ஓட்டுக் கட்டட வகுப்பறையில் மதியம் இரண்டு மணிக்கு உட்காருவது கஷ்டம். வேலூர் வெயிலைப் பற்றி வேலூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இங்கே கிடைப்பது வேறு. ஒரு துறையில் நான்கைந்து ஆசிரியர்கள், ஒரு வகுப்பில் நாற்பது, ஐம்பது பேர். ஒரு மாதத்துக்குள் எல்லோருக்கும் உங்கள் பெயர் தெரியும். உங்கள் ஊர், அப்பா என்ன வேலை, எந்த பஸ்ஸில் வருகிறீர்கள், எல்லாம் தெரியும். சிலருக்கு இது தொந்தரவாகப் படும். எத்தனையோ பிள்ளைகளைக் கரை சேர்த்தது இதுதான் என்பது நான் கண்ணால் பார்த்தது.

ஆம்பூர்ப் பக்கத்தில் இருந்து ஒரு பையன் வந்துகொண்டிருந்தான். முதல் மணி நேரத்தில் தலையை நிமிர்த்தவே முடியாமல் தூங்குவான். விரல் இடுக்குகளில் ஷூ ஒட்டுகிற பசை காய்ந்து, தோல் உரிகிற மாதிரி உரிந்துகொண்டிருக்கும். சாயங்காலம் கல்லூரி முடிந்து போய் ஜாப் ஒர்க் செய்கிற இடத்தில் உட்காருவான், ஆர்டர் அதிகம் இருந்தால் நள்ளிரவு தாண்டும். எங்கள் துறைத் தலைவர் அவனைத் திட்டவில்லை. கையைப் பார்த்தார், கூப்பிட்டு விசாரித்தார், வேலை கொடுத்தவரிடம் அவரே பேசினார். தேர்வு மாதங்களில் மட்டும் இரவு எட்டு மணிக்கு அனுப்பிவிடுவது என்று முடிவானது. அவன் ஆறு செமஸ்டரையும் அரியர், அதாவது தேறாமல் நிற்கிற தாள், ஒன்றுகூட இல்லாமல் முடித்தான். ஆயிரக்கணக்கான பேர் படிக்கிற இடமாக இருந்திருந்தால், அவன் கடைசி பெஞ்சுத் தூங்குமூஞ்சியாகவே மூன்று வருடத்தைக் கழித்திருப்பான்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. கிளாஸைக் கட் அடித்துவிட்டு சினிமாவுக்குப் போனால் சாயங்காலத்துக்குள் வீட்டுக்குச் செய்தி போய்விடும். நண்பர்களோடு சண்டை என்றால் விலகிப் போய் உட்கார வேறு கூட்டம் இருக்காது, அதே நாற்பது முகங்கள்தான். பேசித் தீர்த்துக்கொள்ளத்தான் வேண்டும்.

இன்டர்னல் மார்க் ஆசிரியர் கையில். அவரைப் பகைத்துக்கொண்டால் குறைத்துவிடுவாரா?

ஒரு தாளுக்கு இன்டர்னல் 25, செமஸ்டர் தேர்வு 75. மொத்தத்தில் 40 எடுத்தால் பாஸ், ஆனால் செமஸ்டர் தேர்வில் மட்டும் தனியாக 75-க்கு 30 எடுத்தாக வேண்டும். அதனால் இன்டர்னல் 25 முழுதாக வாங்கினாலும் தேர்வில் கோட்டை விட்டால் அரியர்தான்.

இன்டர்னல் என்பது உள்தேர்வு, அசைன்மென்ட், செமினார் இவற்றின் கூட்டல். ஒவ்வொரு டெஸ்ட் தாளையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும் முன் மதிப்பெண்ணைக் காட்டிக் கையெழுத்து வாங்குவார்கள். அந்தக் கையெழுத்தை அவசரத்தில் போடாதீர்கள். கூட்டல் சரியில்லை என்று தோன்றினால் அங்கேயே, அப்போதே, மரியாதையாகக் கேளுங்கள். கேட்கிற பிள்ளை மேல் நல்ல ஆசிரியருக்குக் கோபம் வராது. யாராவது பழி தீர்க்கிறார் என்று உறுதியாகத் தெரிந்தால் துறைத் தலைவரிடம், அப்புறம் முதல்வரிடம் எழுத்தில் கொடுங்கள். சிறிய கல்லூரியில் முதல்வர் அறை நாலு எட்டில் இருக்கும், கதவும் பெரும்பாலும் திறந்தே இருக்கும்.

வருகைப் பதிவு எவ்வளவு வேண்டும்?

75 சதவீதம். அதற்குக் கொஞ்சம் கீழே போனால் மருத்துவச் சான்றிதழோடு, வருகைக் குறைவைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லிக் கட்டுகிற காண்டனேஷன் கட்டணத்தைக் கட்டித் தேர்வு எழுதலாம். மிகவும் குறைந்தால் ஹால் டிக்கெட் கிடைக்காது. அம்மை, விபத்து, வீட்டில் சாவு என்று ஏதாவது நடந்தால் முடிந்த பிறகு வந்து கெஞ்ச வேண்டாம். நடக்கும்போதே துறைக்கு ஒரு ஃபோன் செய்து சொல்லிவிடுங்கள்.

அரியர் விழுந்துவிட்டால்?

அடுத்த தேர்வில் எழுதுங்கள். மதிப்பெண் சந்தேகமாக இருந்தால் மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாம், ஆனால் அதற்கான கடைசித் தேதி சீக்கிரம் வந்துவிடும். முதல் செமஸ்டரில் ஒன்றிரண்டு அரியர் விழுவது புதுமை இல்லை, பள்ளிக்கூடத்துப் படிப்பு முறையில் இருந்து மாற நேரம் பிடிக்கிறது. என் கவலை எல்லாம் வெட்கப்பட்டுக்கொண்டு கல்லூரிக்கு வருவதையே நிறுத்திவிடுகிற பிள்ளைகளைப் பற்றித்தான். ஒரு தாள் போனதற்காகப் பட்டத்தையே விட்டுவிட்டு செல்ஃபோன் கடைக்கு வேலைக்குப் போனவர்களை ரோட்டில் பார்க்கும்போது மனசு கேட்காது. தயவுசெய்து வந்துவிடுங்கள். பழைய வினாத்தாள்கள் துறை அலமாரியில் இருக்கின்றன, சாயங்காலம் உட்கார்ந்து சொல்லித் தர ஆளும் இருக்கிறது.

நான் தமிழ் மீடியம். கல்லூரியில் ஆங்கிலத்தில் நடத்தினால் புரியுமா?

உங்கள் வகுப்பில் பாதிப் பேர் தமிழ் மீடியமாகத்தான் இருப்பார்கள், ஆசிரியர்களில் பலரும் அப்படி வந்தவர்கள்தான். அரசுக் கல்லூரிகளில் வரலாறு, பொருளியல் போன்ற பாடங்களுக்குத் தமிழ்வழி வகுப்பே உண்டு. முதல் வகுப்பில் இருந்து பட்டம் வரை தமிழ்வழியில் படித்தவர்களுக்குத் தமிழ்நாடு அரசுப் பணிகளில் 20 சதவீத முன்னுரிமை ஒதுக்கீடு இருக்கிறது. அதற்கான சான்றிதழைப் படித்த பள்ளியிலும் கல்லூரியிலும் கேட்டு வாங்க வேண்டும்.

ஆங்கிலவழியில் சேர்ந்தாலும் பயம் வேண்டாம். நாளைக்கு நடக்கப் போகிற பாடத்தில் இரண்டு பக்கத்தை இன்று இரவு சத்தம் போட்டுப் படித்துவிட்டு வாருங்கள், பொருள் புரியாவிட்டாலும் பரவாயில்லை. மறுநாள் அதே சொற்களை ஆசிரியர் வாயில் கேட்கும்போது பிடிபடத் தொடங்கும். செமினாருக்குப் பெயர் கேட்டால் முதலில் கையைத் தூக்குங்கள். நாற்பது பேருக்கு முன்னால் தடுமாறிப் பேசிப் பழகுவதற்குச் சிறிய வகுப்பை விட நல்ல இடம் கிடையாது.

தினமும் வீட்டில் இருந்து வந்து போக முடியுமா?

முடியும். நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் அப்படித்தான். ஜோலார்பேட்டை, வாணியம்பாடி, ஆம்பூர், குடியாத்தம், அரக்கோணம் பக்கம் என்றால் காட்பாடிக்கு ரயில். இங்கே படிக்கிறீர்கள் என்று கல்லூரி தருகிற போனஃபைடு சான்றிதழை வாங்கிக் கொடுத்தால் மாணவர்களுக்கான சீசன் டிக்கெட் குறைந்த கட்டணத்தில் கிடைக்கும். பெண்களுக்குச் சாதாரண அரசு டவுன் பஸ்ஸில் கட்டணம் இல்லை. ஒடுகத்தூர், அணைக்கட்டு உள்பக்கத்துக் கிராமங்கள் என்றால் கடைசி பஸ் நேரத்தை முதலில் பாருங்கள். பீஞ்சமந்தை மாதிரி மலை ஊர்களில் இருந்து தினமும் வருவது நடக்காத காரியம், விடுதிதான்.

படியில் தொங்காதீர்கள். அடுத்த பஸ்ஸில் வந்து தாமதமானால் நான் உள்ளே விடுவேன், மற்ற ஆசிரியர்களும் விடுவார்கள்.

விடுதி எப்படி இருக்கும்?

கல்லூரி விடுதி இல்லாவிட்டாலும் ஆதிதிராவிடர் நலத்துறை, பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை நடத்துகிற அரசு விடுதிகள் இருக்கின்றன. தங்குவதும் சாப்பாடும் இலவசம். சேர்ந்த வாரமே விண்ணப்பியுங்கள், இடம் நிரம்பிவிடும். சாப்பாடு வீட்டுச் சாப்பாடு போல இருக்காது. இலவம்பாடி கத்திரிக்காய்க் காரக்குழம்பு வைக்கிற அன்றைக்கு மட்டும் எல்லோரும் இரண்டாம் முறை சோறு வாங்குவார்கள்.

படித்துக்கொண்டே வேலைக்குப் போகலாமா?

வீட்டு நிலைமை அப்படி என்றால் போங்கள், அதில் குறைவு ஒன்றும் இல்லை. ஷிப்ட் முறை இருக்கிற கல்லூரி என்றால் பாதி நாள் கிடைக்கும். சிஎம்சி மருத்துவமனைக்கு வெளிமாநிலங்களில் இருந்து வருகிற நோயாளிகளால் காந்தி ரோடு பக்கம் லாட்ஜ், மருந்துக் கடை வேலைகள் எப்போதும் உண்டு. அங்கே நின்றே இந்தியும் வங்காளமும் பேசக் கற்றுக்கொண்ட பிள்ளைகள் இருக்கிறார்கள். கல்யாண மண்டபத்துப் பரிமாறும் வேலை முகூர்த்த நாளில் மட்டும்தான், அதனால் படிப்பைக் கெடுக்காது. வேலைக்குப் போவதைத் துறையில் சொல்லிவிட்டுப் போங்கள். அதுதான் முக்கியம்.

ராகிங் இருக்குமா? சாதிக் கூட்டம் சேர்ப்பார்களா?

1996-இல் நாவரசு என்ற மருத்துவ மாணவர் கொல்லப்பட்ட பிறகு, 1997-இல் ராகிங்குக்கு எதிராகச் சட்டம் கொண்டு வந்த மாநிலம் நம்முடையது. யாராவது தொந்தரவு செய்தால் ஆசிரியரிடம் சொல்லுங்கள், அல்லது 1800-180-5522 என்ற இலவச எண்ணுக்குப் பேசுங்கள். எங்கள் மாதிரிக் கல்லூரிகளில் சீனியர்கள் பெரும்பாலும் பக்கத்து ஊர் அண்ணன்களும் அக்காக்களும்தான், புத்தகம் அவர்களிடமே கிடைக்கும்.

சாதி விஷயம் அப்படி லேசானது இல்லை. கையில் கலர் கயிறு, எந்தத் தெரு என்று சுற்றி வளைத்துக் கேட்பது, டிபன் பாக்ஸ் பிரிந்து உட்காருவது, இதெல்லாம் இருக்கிறது. முதல் நாளே வேறு ஊர், வேறு தெருப் பிள்ளையோடு பெஞ்சில் உட்காருங்கள். மூன்று வருடத்தில் அந்த ஒரு பழக்கம் கொடுப்பதைப் பாடப்புத்தகம் கொடுக்காது.

வரலாறு எடுத்தால் என்ன வேலை கிடைக்கும்?

பி.எட். முடித்து ஆசிரியர், டிஎன்பிஎஸ்சி குரூப் தேர்வுகள், தொல்லியல், அருங்காட்சியகம், சட்டப் படிப்பு. போட்டித் தேர்வுப் பாடத்தில் பெரும்பகுதி நாங்கள் வகுப்பில் நடத்துவதுதான். ஆனால் வேலையை மட்டும் வைத்து இந்தப் பாடத்துக்கு வர வேண்டாம் என்றுதான் சொல்வேன். வடஆற்காட்டில் வரலாறு படிப்பது ஒரு கொடுப்பினை, அதற்காகவும் வாருங்கள்.

1806 ஜூலை 10 விடியற்காலையில் ஆங்கிலேயருக்கு எதிராகச் சிப்பாய்கள் கிளர்ந்து எழுந்த வேலூர்க் கோட்டைக்குள் நடந்து போய்ப் பாடம் கேட்கலாம். கண்டியின் கடைசி அரசனைச் சிறை வைத்ததும் அங்கேதான். அவன் 1832-இல் இறந்தான், சமாதி பாலாற்றங்கரையில் இருக்கிறது. சேர்க்காட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், பொன்னை ஆற்றங்கரையில் மேல்பாடி. முதலாம் ராஜராஜன் தன் பாட்டன் அரிஞ்சயனுக்கு எடுத்த பள்ளிப்படைக் கோயில், அதாவது இறந்தவர் நினைவாக எழுப்பிய கோயில், அங்கே இருக்கிறது. பிள்ளைகளை அழைத்துப் போகும்போது நான் முதலில் ஒன்றும் சொல்ல மாட்டேன். கல்வெட்டு எழுத்துகளில் அவர்களுக்குத் தெரிந்ததைத் தேடச் சொல்வேன். ‘ம’ தெரிகிறது என்று ஒருவர், ‘ர’ தெரிகிறது என்று ஒருவர். விரலை வைத்து ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே வந்து, ‘ஆற்றூர்த் துஞ்சின தேவர்’, அதாவது ஆற்றூரில் இறந்தவர், என்று அரிஞ்சயனைச் சொல்கிற இடத்தை வாய்விட்டு வாசித்துவிட்டால், அப்புறம் அவர்களைப் பஸ்ஸில் ஏற்றுவது பெரும் பாடு. முழு வகுப்பும் ஒரே பஸ்ஸில் போய்வர முடிகிறது பாருங்கள், சிறிய துறையாக இருப்பதன் லாபம் அது.

பணம் எவ்வளவு ஆகும்? உதவி ஏதாவது கிடைக்குமா?

அரசுக் கல்லூரியில் மிகக் குறைவு. அரசு உதவிபெறும் கல்லூரியில் கொஞ்சம் கூடும். அங்கேயே சுயநிதிப் பிரிவில் சேர்ந்தால் இன்னும் கூடும். நீங்கள் சேருவது எந்தப் பிரிவு என்று தெளிவாகக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

ஆறாம் வகுப்பில் இருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால், அல்லது அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்திருந்தால், மாதம் 1000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டம், 2022-இல் தொடங்கியது. ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன், 2024-இல். இவை தவிர சாதி, வருமான அடிப்படையில் கல்வி உதவித்தொகைகளும் இருக்கின்றன. ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க வேண்டும், அலுவலகத்து நோட்டீஸ் போர்டைப் பாருங்கள்.

பெண்ணை அனுப்புகிறோம். இரண்டாம் வருடத்தில் நல்ல வரன் வந்தால் என்ன செய்வது?

ஆறாவது செமஸ்டர் முடியட்டும் என்று ஒரே வார்த்தையாகச் சொல்லுங்கள். ‘கல்யாணத்துக்கு அப்புறம் படிக்கட்டும்’ என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்வார்கள். நல்ல மனதோடுதான் சொல்வார்கள். ஆனால் புது வீடு, சமையல், அப்புறம் குழந்தை என்று வந்த பிறகு காலை ஏழரை பஸ்ஸைப் பிடிக்க எத்தனை பெண்ணால் முடியும்? பதிவேட்டில் சிவப்பு மையால் அடித்த பெயர்களில் பெண் பெயர்கள்தான் அதிகம், அவர்களில் நன்றாகப் படித்தவர்களும் உண்டு. அப்படிக் கல்யாணம் ஆகிவிட்டால் கல்லூரி யாரையும் வெளியே அனுப்பாது, கர்ப்பமாக இருந்தாலும் வந்து தேர்வு எழுதலாம். அதைத் தெரியாமலே நின்றுவிடுகிறார்கள்.

குடியாத்தத்தில் இருந்து ஒரு அம்மா மகளைச் சேர்க்க வந்தார். மேசை மேல் வைத்த கையில் புகையிலைக் கறை. ‘நான் சுத்தின பீடி போதும் சார், இவ டிகிரி வாங்கட்டும்’ என்றார். அந்தப் பெண் இப்போது எம்.ஏ. படிக்கிறாள்.

சேருகிற நாளில் என்னென்ன கொண்டு வர வேண்டும்?

பத்தாம் வகுப்பு, பிளஸ் ஒன், பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல்கள், டிசி, சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், ஆதார், மாணவர் பெயரிலேயே வங்கிக் கணக்குப் புத்தகம், பாஸ்போர்ட் அளவு போட்டோ. பள்ளியில் கொடுத்த எமிஸ் எண்ணையும் குறித்துக்கொண்டு வாருங்கள், மாதம் 1000 ரூபாய்க்கு அது வேண்டும். டிசியைக் கல்லூரியில் வாங்கி வைத்துக்கொள்வார்கள், அதனால் கொடுப்பதற்கு முன் நகல் எடுத்துவிடுங்கள். ஆதாரிலும் மதிப்பெண் பட்டியலிலும் பெயர், இனிஷியல் ஒன்றாக இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். வருமானச் சான்றிதழ் ஒரு வருடத்துக்குத்தான் செல்லும். பழையது இருக்கிறது என்று இருந்துவிடாமல், ரிசல்ட் வருவதற்கு முன்பே இ-சேவை மையத்தில் புதிதாக எழுதிக் கொடுத்துவிடுங்கள். ரிசல்ட் வந்த வாரத்தில் அங்கே நிற்க இடம் இருக்காது.